ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமர்த்தாக இருந்த வயிறு

"தண்ணியா, கஞ்சியா, கூழா?"

டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கோவளத்தில் எங்கள் அரசு ஆஸ்பத்திரி, காலை பத்து மணி, ஓ.பி. சீட்டோடு எனக்குப் பின்னால் நாற்பது பேர். பாதிப்பேர் தெரிந்த முகங்கள். என் அக்காவுக்குச் சம்பந்தி ஆகிறவர்கூட மூன்றாவது ஆளாக நின்றிருந்தார்.

"கொஞ்சம் லூசா போவுது மேடம். ஒரு ஊசி போட்டு வுட்டீங்கன்னா போதும்."

"கொஞ்சம்னா எத்தனை தடவை? எத்தனை நாளா? ராத்திரி தூக்கத்துல எழுப்புதா? ரத்தம், சளி ஏதாவது? மிதக்குதா, முங்குதா?"

மிதக்குதா, முங்குதாவா! நான் என்ன கடலில் படகா விடுகிறேன்? பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்திக்காரர்தான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரம்மா காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாலு மாசமா மேடம்" என்றேன்.

"நாலு மாசமா!" என்று அவர் ஊருக்கே சொன்னார். "ரெண்டு நாள் பேதின்னா வந்த விருந்தாளி, தானா போயிருவான். நாலு வாரம் தாண்டிட்டாலே குடியேறிட்டான்னு அர்த்தம். நாலு மாசமா வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கான், அவன் யாருன்னு கேக்காம ஊசி போடச் சொல்றீங்களே டிரைவர்?"

அவருக்குத் தென்காசிப் பக்கம். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆம்பிளை வாட்ச். கையில் எப்போதும் மூடி கழற்றாத ஒரு பேனா. அந்த மூடி கழன்றால்தான் மருந்து எழுதப்போகிறார் என்று அர்த்தம். லேசில் கழலாது. எங்கள் ஊரில் இருந்த மூன்று வருஷமும் ஜனங்கள் அவரை ஊசி போடாத டாக்டர் என்றுதான் சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரன் எவனாவது நல்ல டாக்டரா என்று விசாரித்தால், "நல்லவங்கதான், ஆனா ரொம்ப நோண்டுவாங்க" என்பார்கள். நான் அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் கம்பெனி பஸ் டிரைவர். கோவளத்தில் எடுத்தால் கேளம்பாக்கம், மாம்பாக்கம், வண்டலூர் வழியாக மறைமலைநகர். கார் உதிரி பாகம் செய்கிற ஃபேக்டரிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும். பத்தொன்பது வருஷம். ஒரு தடவை கூட லேட் என்று பெயர் வாங்காதவன், அந்த நாலு மாசத்தில் கேளம்பாக்கம் பெட்ரோல் பங்க், மாம்பாக்கம் ஓட்டல், கொளப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் என்று எல்லாக் கக்கூஸுக்கும் சொந்தக்காரன் ஆகிவிட்டேன். பஸ்ஸை ஓரங்கட்டி இண்டிகேட்டர் போட்டாலே உள்ளே இருக்கிற பிள்ளைகள், "அண்ணாத்தைக்கு சிக்னல் வுழுந்துடுச்சு" என்று சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஓடுவேன்.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. ஒரே மாதத்தில் ஆறு தடவை ஷிப்டு லேட். "வயிறு சரியாயிடுச்சுன்னு டாக்டர் சர்டிபிகேட் எடுத்துக்கினு வா. இல்லேன்னா அடுத்த மாசக் கடைசியோட வண்டி வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டுக்காகத்தான் அன்று வரிசையில் நின்றேன். வைத்தியம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். அந்த ஸ்டீரிங்கை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

டாக்டரம்மா நோண்டுவதில் என்ன லாபம் என்று ஊர் முதல்முதலாகப் பார்த்தது ஒரு காதுகுத்தில். குப்பத்தில் கார்த்திகை மாதம் ஒரு விசேஷம். பாய் கையால் பிரியாணி, குடிக்க ரோஸ்மில்க். மறுநாள் முப்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில். கேட்க வேண்டுமா? "பாய் பழைய கறிய போட்டுட்டான்" என்று நாலு பேர் பாய் வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிட்டார்கள். அவர் பாவம், பாத்திரத்தைக்கூடக் கழுவவில்லை, பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரம்மா எல்லாருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து உட்காரவைத்தார். குளுகோஸ் ஏற்ற வேண்டியவர்களைப் படுக்கவைத்தார். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக ஆரம்பித்தார். பிரியாணி சாப்பிட்டீங்களா, எத்தனை மணிக்கு, ரோஸ்மில்க் குடிச்சீங்களா, எத்தனை டம்ளர். கடைசி பெஞ்சில் ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒருத்தர் சுருண்டு கிடந்தார்.

"சாமி, நீங்க எத்தனை பிளேட் பிரியாணி?"

"சாமியே சரணம்! மாலை போட்டுகினு கீறேன் மேடம், கறிய கண்ணால கூட பாக்கல."

"அப்ப வேற என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணியும் இல்ல. ரோஸ்மில்க்குதான். அஞ்சு டம்ளர்."

டாக்டரம்மா நோட்டை மூடினார். நேரே காதுகுத்து வீட்டுக்கு நடந்தார். பாதி குப்பம் பின்னால் போனது, நானும் போனேன். ரோஸ்மில்க்குக்கு ஐஸ் எங்கே வாங்கினீங்க என்று கேட்டார். வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார், "எதுக்கு மேடம் வாங்கணும்? நம்ம போட்டுக்கு வந்த பாருலருந்தே ஒண்ண ஒடச்சு போட்டோம்." மீனுக்கு வருகிற ஐஸ் பார். மணலில் இழுத்துவந்து, மீன் டப்பில் வைத்து, கடப்பாரையால் உடைத்தது. கடலுக்குப் போகிற வீட்டில் ஐஸுக்குப் பஞ்சமா என்ன! எங்கள் ஊர்க்காரன் மூளைக்குத்தான் இது தோன்றும். அன்று சாயங்காலம் பாய் வீட்டு வாசலில் நின்ற நாலு பேரும் மறுபடி போய் மன்னிப்புக் கேட்டார்கள். பாய் ஒரு டப்பா பிரியாணியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்கும் டாக்டரம்மா விடவில்லை. "இது எத்தனை மணிக்கு இறக்கினது?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தார்.

என் மச்சான் கதை இன்னொன்று. என் பெண்சாதியின் தம்பி, செங்கல்பட்டில் பெண் எடுத்து மாமியார் வீட்டோடு தங்கிவிட்டவன். கல்யாணமான நாளாய் வயிறு ஊதுவதும் ஓடுவதுமாக எட்டு கிலோ இளைத்துவிட்டான். யாரோ செய்வினை என்று சொல்லி, மந்திரித்த கயிறு வேறு கட்டியிருந்தார்கள். நான்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிவந்தேன், மனசுக்குள் ஒரு குரூர சந்தோஷம், அவனும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டுமே என்று.

"கல்யாணத்துக்கு முன்னாடி பால் குடிப்பீங்களா?"

"இல்ல மேடம். சின்ன வயசுலருந்தே ஒத்துக்காது. வரக்காப்பிதான்."

"இப்போ?"

மச்சான் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "எங்க அத்தை காலைல ஒரு சொம்பு, படுக்கறப்போ ஒரு சொம்பு குடுப்பாங்க. பாதாம் போட்டு. வேணாம்னு எப்பிடி மேடம் சொல்றது? மாப்பிள்ளைக்கு மரியாதை."

பேனா மூடி கழன்றது. மருந்துச் சீட்டில் அவர் எழுதியது ஒரே வரி: மாப்பிள்ளைக்குப் பால் கூடாது, வரக்காப்பி கொடுக்கவும். கீழே கையெழுத்து, சீல். அந்தச் சீட்டைக் காட்டியதும் மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பத்தாம் நாள் மச்சான் கயிற்றை அறுத்துப் போட்டான்.

ஊரார் கதை எல்லாம் சுவாரசியம்தான். நம் கதை என்று வருகிறபோதுதான் எரிச்சல் வருகிறது. என்னை முதலில் எல்லாப் பரிசோதனைக்கும் அனுப்பினார். மலம், ரத்தம், சர்க்கரை, தைராய்டு. எல்லாம் நார்மல். அப்புறம் அவர் சொன்னார், "பேதிங்கறது ஒரு வியாதி பேரு இல்ல டிரைவர். பஸ் நின்னுபோச்சுன்னு சொல்ற மாதிரிதான். டீசல் இல்லன்னாலும் நிக்கும், டயர் போனாலும் நிக்கும். எதுக்கு நின்னுச்சுன்னு பாக்காம தள்ளச் சொல்றீங்களே. மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணியும் இல்ல மேடம்."

"சரி. வீட்டுல தேதி கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல? தினமும் கிழிக்கிற தாள் பின்னால, அன்னைக்கு எத்தனை தடவைன்னு கோடு போட்டு எடுத்துட்டு வாங்க."

இதை வீட்டில் சொன்னதும் என் பெண்சாதி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அவள்தான் பென்சிலை நூலில் கட்டிக் காலண்டர் பக்கத்தில் தொங்கவிட்டாள். "இந்தாயா, நேத்து எத்தினி? எழுதிட்டு போ" என்று வாசல்வரைக்கும் துரத்துவாள். முன்பக்கம் என் ராசிக்கு "தனலாபம்" என்று போட்டிருக்கும், பின்பக்கம் ஒன்பது கோடு.

மூன்று வாரத் தாளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோனேன். அவர் சீட்டாட்டத்துக்குப் பரப்புகிற மாதிரி மேசையில் பரப்பினார். இருபத்தியோரு தாள். கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று தாள்களை மட்டும் தனியே நகர்த்தி வைத்தார். மூன்றிலும் ஒரே ஒரு கோடு. மூன்றும் ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க வயிறு ஏன் சமர்த்தா இருக்கு?"

"லீவு மேடம். டென்ஷன் இல்ல. கேன்டீன் சாம்பார் இல்ல."

"கேன்டீன்ல சாப்பிடற மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லையே. நீங்க ஒண்ணு பண்ணுங்க. திங்கக்கிழமை எந்திரிச்சதுலேருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். பல் துலக்கியது, டீ குடித்தது, ஷெட்டுக்கு நடந்தது. "வண்டில ஏறினவொடனே சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவேன். ஸ்டீரிங்க தொட்டு கும்பிடுவேன். அப்பால ரெண்டு மூடி ஊத்திக்குவேன். அப்பால செல்ஃப் போட்டு..."

"எதை ஊத்திக்குவீங்க?" அவர் குரல் எகிறியது. நர்ஸம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். காலங்காத்தால குடித்துவிட்டு பஸ் எடுக்கிறவன் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஐயய்யே, அது இல்ல மேடம்! கேஸ் மருந்து. ரோஸ் கலர்ல இருக்குமே, மெடிக்கல்ல குடுப்பாங்களே. சீட்டுக்கு கீழ ஒரு பாட்டில் எப்பவும் கீது."

"மருந்து எதுவும் சாப்பிடறதில்லன்னீங்க?"

"அது மருந்தா மேடம்? அது சும்மா கேஸுக்கு."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். அரை பாட்டில் ஆகும் என்றேன். வயிறு கலக்கினால் அதுவும் கேஸ்தான் என்று இன்னும் இரண்டு மூடி சேர்த்துக் குடிப்பேன் என்பதையும் சொன்னேன். அந்த மருந்தில் மக்னீசியம் என்று ஒரு உப்பு இருக்கிறதாம், அளவு மீறினால் அதுவே குடலில் தண்ணீரை இழுத்துப் பேதி ஆக்குமாம். பாட்டில் பஸ்ஸில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறவில்லை. நாலு மாசமாக எனக்கு நானே பேதி மருந்து கொடுத்துக்கொண்டு, கேன்டீன்காரனைத் திட்டியிருக்கிறேன்! பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். மூன்றே நாளில் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. பங்க்கில் இண்டிகேட்டர் போடாமல் தாண்டியபோது பஸ்ஸே கைதட்டியது.

அடுத்த வாரம் மதிய ஷிப்டு. காலையில் சர்டிபிகேட் வாங்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவரும் சந்தோஷமாகத்தான் பேனா மூடியைக் கழற்றினார். பெயர், வயது எழுதினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிறுத்தினார்.

"ஆமா, அந்த மருந்தை முதமுதல்ல எதுக்குக் குடிக்க ஆரம்பிச்சீங்க?"

"நெஞ்செரிச்சல் மேடம். கேஸ்."

"எப்ப வரும்? சாப்ட்ட அப்புறமா?"

"சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல. ஷெட்டுல மேட்டுல ஏறி வரச்சொல்லோ வரும். போன வாரம் ஸ்டெப்னி மாத்தறப்போ வந்துச்சு. நின்னுட்டா போயிடும்."

"எங்க வரும்? விரல வச்சுக் காட்டுங்க."

விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. உள்ளங்கையை விரித்து நடுநெஞ்சில் வைத்தேன். தாடைவரைக்கும் இழுக்கும் என்றும் சொன்னேன்.

மூடி திரும்பப் பேனாவுக்கே போனது.

அங்கேயே படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். நீளத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டும், இது கேஸ் இல்லை, இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்றார். பிறகு அங்கே இரண்டு அடைப்பு என்று கண்டுபிடித்து, ஸ்டென்ட் என்று கம்பிச்சுருள் வைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் ஸ்டீரிங்கிலேயே சாய்ந்திருப்பாய் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இப்போது மறைமலைநகரில் ஃபேக்டரி ஷெட்டில் டிரிப் ஷீட் எழுதுகிறேன். பெரிய வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக ஆறு மாதம் அந்த அம்மாள் மேல் வன்மம் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நான். சொல்லாதது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அந்த அறையில் நான் கத்தினேன்.

"வயித்தாலப் போவுதுன்னு வந்தவன நெஞ்சு நோயாளியா ஆக்கிட்டீங்களே! கம்பெனில இன்னா கேட்டான்? வயிறு சரியான்னுதான கேட்டான்? நெஞ்ச பத்தி எவன் கேட்டான்? வயிறு சரின்னு மட்டும் எழுதுங்க மேடம். அது உண்மைதானே?"

நர்ஸம்மா பயந்து கதவைச் சாத்தினார். டாக்டரம்மா கோபப்படவில்லை. என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உண்மைதான். உங்க பஸ்ல எத்தனை பேரு ஏறுவாங்க டிரைவர்?"

"அம்பத்திரெண்டு."

"யார் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம? பத்தொம்போது வருசம்!" என்றேன் ரோஷமாக. "கோவளத்துல பதினோரு பேரு. கேளம்பாக்கத்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, எப்பவும் ஓடியாந்துதான் ஏறுவாங்க. அப்பால கேன்டீன் மாஸ்டரு. மாம்பாக்கத்துல வெல்டர் பசங்க எட்டு பேரு, ஒரே சத்தம். ரத்தினமங்கலத்துல ஒரு பொண்ணு..."

அங்கே நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். குலுங்கக் கூடாது என்று என் சீட்டுக்கு நேர் பின்னால் அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தவனே நான்தான். "அண்ணே, நீங்க ஓட்டுனா தூங்கிடலாம்ணே" என்பாள். நிஜமாகவே தூங்கிவிடுவாள்.

"சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "ரத்தினமங்கலத்துல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். ஷெட்டுக்குப் போன் பண்ணி மதிய ஷிப்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் சாவியைக் காலண்டர் தாள்களோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, மேலே என் பெயரை எழுதினார்.

ஆம்புலன்ஸ் திருப்போரூர் வழியாகப் போனது. ஓட்டினவன் நல்ல டிரைவர், குறை சொல்ல முடியாது. நான் பின்னால் மல்லாந்து படுத்திருந்தேன். தகவல் தெரிந்து ஓடிவந்த என் பெண்சாதி பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் பிரேக் போடுவதற்கு முன்பே, போர்வைக்குள் என் வலதுகால் தானாக அழுந்திக்கொண்டே வந்தது, செங்கல்பட்டு வரைக்கும்.